தம்பி செய்த பெட்டியும் நான் கொண்டுபோன கேள்வியும்

ஹைதராபாத்தில் நான் சார்மினாரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். இரண்டாவது, பிரியாணி. அதையும் சாப்பிடவில்லை. ஒரு வாரத்துக்கும் மேலே அங்கே இருந்துவிட்டு இரண்டும் இல்லாமல் வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னதான் பார்த்தாய் என்று கேட்டால் ஒரு பெட்டியைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதை எப்படி நாலு பேர் நடுவில் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. வரும் மருத்துவ இதழ்களுக்கு முத்திரை குத்துவது, தூசி தட்டுவது, கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நூலகர் அம்மா ஓய்வு பெற்ற பிறகு அவர் நாற்காலிக்கு யாரும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத்தில் ஐந்து நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. ஒரு வைத்தியம் நல்லதா இல்லையா என்று ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதைத் தேடி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் எடுத்துக் கொடுப்பது எப்படி என்று ஆஸ்பத்திரி நூலகக்காரர்களுக்குச் சொல்லித் தருகிறார்களாம்.

"உங்க தம்பி அங்கதான இருக்கார்? போய்ட்டு வாங்க" என்றார் எங்கள் பெரிய டாக்டர்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்களே."

"கம்ப்யூட்டருக்கு உங்க இங்கிலீஷ் போதும்மா."

ஓட்டலில் இரண்டாவது தடவை சட்னி கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். ஆனால் தம்பிக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. அதனால் கிளம்பிவிட்டேன்.

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியபோது மார்கழிக் குளிர். போர்ட்டர்கள் குல்லாவும் மப்ளருமாக நெருப்பு மூட்டிக் குந்தியிருந்தார்கள். நம் ஊரில் கொடைக்கானல் ஏறினால்தான் இப்படி. தம்பி முருகேசன் ஸ்கூட்டரோடு நின்றான். ராமச்சந்திராபுரத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் அவன் போர்மேன். வீடு இருப்பதோ ஊரின் மறுகோடியில், உப்பலில். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். வழியெல்லாம் பாலம் கட்டத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கார்களுக்குக் காத்திருந்தார்கள். "ஊரே மவுஸ் பிடிக்குதுக்கா. நாங்கதான் இன்னும் இரும்பு பிடிச்சிட்டிருக்கோம்" என்றான்.

ஹப்சிகுடா தாண்டியதும், திரும்பிப் பார்க்காமலே, "பாப்பாவைப் பாத்து பயந்துராத. ரொம்பச் சின்னதா இருக்கும்" என்றான்.

கூடத்து மேஜையின் மேல் அந்தப் பெட்டி இருந்தது. பிளைவுட்டில் செய்து, மேலே நகர்த்தும் கண்ணாடி போட்டது. பக்கங்களில் காற்றுக்குத் துளைகள். ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் பல்பு. உள்ளே சூடு ஏறினால் பல்பு தானாக அணையும். இறங்கினால் தானாக எரியும். அதற்கான கருவியைப் பழைய சாமான் கடையில் வாங்கி அவனே பொருத்தியிருந்தான். ஒரு முனை கூடக் கூராக இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். நடுவில், மஞ்சள் துணிக்குள், என் உள்ளங்கையை விடச் சின்ன முகத்தோடு பாப்பா தூங்கினாள்.

"கையக் கழுவிட்டு வாக்கா. ஆனா தொடாத" என்றான்.

இன்னும் நாள் கழித்துப் பிறக்க வேண்டியவள் முன்னாலேயே பிறந்துவிட்டாள். எடை போதாமல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குள் வைத்திருந்து, கதகதப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதகதப்பு என்று சொன்னால் இன்னொருவர் கம்பளி வாங்குவார். என் தம்பி பெட்டி செய்துவிட்டான். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் மட்டும் பாப்பா வெளியே வருவாள். முடிந்ததும் அவனோ சுபாவோ உடனே உள்ளே வைத்துக் கண்ணாடியை இழுத்துவிட வேண்டும்.

சுபா அவன் மனைவி. அவள் தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்காக வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அம்மா இல்லை. நாத்தனாரைத் தெலுங்குக்காரர்கள் கூப்பிடுவது போல என்னை "வதினா" என்பாள். அன்று காலை இட்லி வைத்தாள். நாணயம் மாதிரித் தட்டையாக இருந்தது.

"நோகாதீங்க வதினா. இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குது. கம்பளி சுத்தி வெச்சாலும் அப்படியே படுத்துக் கெடக்குது."

அவன் குளிக்கப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் பாப்பாவ என் நெஞ்சு மேல படுக்க வெச்சாங்க. துணி இல்லாம, தோல் மேல தோலா. கங்காரு மாதிரி வெச்சுக்கோன்னாங்க. மறுநாள் எனக்கு ஜுரம் வந்து பந்த் பண்ணிட்டாங்க. இப்ப வெச்சுக்கறேன்னா இவர் நக்கோ, வேணாங்கறார்."

"ஏனாம்?"

"என்னோட சூடு எவ்ளோன்னு தெரியாதாம்!"

சிரித்தாள், கண் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். எடை ஏறாவிட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். "திருப்பி கண்ணாடிக்குள்ள வெச்சிடுவாங்க. நான் வெளிய நின்னு பாக்கணும். வீட்லயும் கண்ணாடி, அங்கயும் கண்ணாடி."

திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். இடம் தார்நாக்கா பக்கம். ஏழு பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ. எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இறங்குவதற்கு "ஆப்பண்டி" என்று சொல்ல வேண்டும் என்று தம்பி சொல்லிக் கொடுத்திருந்தான். மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தார்நாக்கா வந்தது, போனது. மெட்டுகுடா வந்தது, போனது. கடைசியில் செகந்திராபாத் ஸ்டேஷன்.

"கூப்பிட்டிருக்கலாமே அம்மா, வாயில வெல்லமா வெச்சிருந்தீங்க?" என்று டிரைவர் தெலுங்கில் கேட்டார். எங்கள் பக்கம் கொழுக்கட்டை என்போம். இங்கே வெல்லம் போலிருக்கிறது. திரும்பும்போது அவரே ஏற்றிக்கொண்டார். தார்நாக்கா வந்ததும் வண்டியை நிறுத்தி, "வெல்லம் அம்மா, இறங்குங்க" என்றார். வண்டியே சிரித்தது. நானும்தான்.

பாடம் எடுத்தவர் வசுந்தரா மேடம். தெலுங்குக்காரர், முன்பு சில வருஷம் தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர். எனக்காக நடுநடுவே தமிழில் சொல்வார்.

"இத்தன நாளா டாக்டர் ஒரு கேள்வி கேட்டா நாம என்ன செஞ்சோம்? பெரிய டாக்டருக்குப் பிடிச்ச புத்தகம் எதுவோ அத எடுத்துக் குடுத்தோம். ஹவ்வா, ஆமாவா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு ரெக்சின் அட்டை போட்டு வைத்திருப்பது நான்தான்.

எந்தக் கேள்வியையும் நாலாகப் பிரிக்க வேண்டும் என்றார். யாருக்கு? என்ன செய்யப் போகிறோம்? அதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம்? நடக்க வேண்டியது என்ன? இந்த நாலும் தெரிந்தால்தான் தேட முடியும். நாளைக்கு ஆளுக்கொரு கேள்வி கொண்டுவர வேண்டும். வார்டிலிருந்தோ வீட்டிலிருந்தோ, நிஜமான கேள்வி.

மதியம் பருப்பும் கோங்கூரா பச்சடியும். நம் புளிச்சக்கீரைதான், ஆனால் அந்தக் காரம் நம்முடையது இல்லை. பக்கத்தில் இருந்த யாதகிரி தன் தயிரை என் தட்டுக்குத் தள்ளினார். வாரங்கல் பக்கத்து ஆஸ்பத்திரி நூலகத்தில் என் மாதிரியே உதவியாளர். அவர் தெலுங்கும் என் தமிழும் பாதிப் பாதி புரிந்தன. அதுவே போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. தம்பி அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பல்பு அணைந்ததும் பாய்ந்து வந்தான். டார்ச் அடித்து வெப்பமானியைப் பார்த்தான். "இறங்குது, இறங்குது. வெந்நி போடு சுபா, பாட்டில்ல ஊத்து!" சுபா வெந்நீர் போடவில்லை. கண்ணாடியைத் தள்ளி, பாப்பாவை எடுத்து, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டாள்.

"உள்ள வையி சுபா!"

"இருட்டுப் பெட்டிக்குள்ளயா? கைக்கு? எதுக்குங்கறேன்?"

"வையின்னு சொல்றேன்ல!"

அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவள் கை நடுங்கியது. கரண்ட் வந்ததும் பாப்பா மறுபடி பெட்டிக்குள் போனாள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

மறுநாள் வகுப்பில் என் கேள்வியை எழுதிக் கொடுத்தேன். "வீட்டில் செய்த பெட்டி குழந்தைக்கு ஏன் கெடுதல்?"

வசுந்தரா மேடம் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது கேள்வி இல்லம்மா, தீர்ப்பு. தீர்ப்ப எழுதி வெச்சிட்டு சாட்சி தேடறீங்க. அப்படித் தேடினா எதுக்கு வேணும்னாலும் சாட்சி கெடைக்கும்."

காது சூடாகிவிட்டது. உண்மைதான். சுபாவின் நடுங்கிய கையைப் பார்த்துவிட்டு எழுதிய வரி அது. ரெக்சின் அட்டைப் புத்தகத்துக்குப் பதிலாக என் மனசுக்குப் பிடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருவரும் சேர்ந்து மாற்றினோம். எடை குறைந்து பிறந்த, ஆனால் நன்றாக மூச்சு விடுகிற குழந்தைக்கு, தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோலாக வைப்பதா, கருவியின் சூட்டில் வைப்பதா, எதில் எடை ஏறும், எதில் நோய் குறையும்? பிறகு கம்ப்யூட்டரில் தேடினோம். இத்தனை வருஷம் முத்திரை குத்தியதில் பிறந்த குழந்தைக்கான இங்கிலீஷ் வார்த்தை என் கண்ணுக்குப் பழக்கம். அதைத் தட்டினேன். மற்றதெல்லாம் மேடம்தான். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து எடை போட்டுப் பார்த்த கட்டுரைகள் வந்தன. தாயின் நெஞ்சில் வளரும் குழந்தைகளுக்கு நோய்த்தொற்று குறைவு, தாய்ப்பால் குடிப்பது அதிகம், எடையும் நன்றாக ஏறுகிறது என்று படித்துச் சொன்னார்.

"அப்ப, பெட்டி?" என்றேன்.

"உங்க தம்பி பெட்டியப் பத்தி ஒண்ணும் இல்ல. இல்லேன்னா இல்லன்னு சொல்லணும். கெடுதல்னு நீங்களா சேத்துக்கக் கூடாது. இதெல்லாம் பெரும்பாலும் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சு, நர்ஸ் பாத்துக்கிட்டு செஞ்சது. உங்க பாப்பாவுக்கு இது பொருந்துமான்னு அவளோட டாக்டர்தான் சொல்லணும். நம்ம வேலை வைத்தியம் சொல்றது இல்ல. கேக்க வேண்டியவங்க கையில இத சேக்கறது."

சாதாரண ஜனங்களுக்காக எளிய நடையில் எழுதிய சுருக்கம் ஒன்றும் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தார். பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இந்த முறை "ஆப்பண்டி" என்று சொல்லிவிட்டேன். சத்தம் போதவில்லை. பக்கத்தில் இருந்த பையன் எனக்காக உரக்கச் சொன்னான்.

வீட்டில் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு பெரிய பேட்டரி. நண்பன் ஒருவனிடம் வாங்கி, ராமச்சந்திராபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தான். சட்டையெல்லாம் கறை. "இனிமே கரண்ட் போனாலும் கவலை இல்லக்கா. பாரு!" என்று சுவிட்சை அணைத்துக் காட்டினான். பெட்டிக்குள் பல்பு விடாமல் எரிந்தது. சின்ன வயசில் மெக்கானிக் கடையில் சைக்கிளைப் பிரித்து மாட்டிவிட்டு இப்படித்தான் என் முகத்தைப் பார்ப்பான்.

பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "நல்லா இருக்குடா" என்றேன்.

புதன்கிழமை இடைவேளையில் யாதகிரி என்னை ஓர் இரானி டீக்கடைக்குக் கூட்டிப் போனார். டீ கெட்டியாக, பாயசம் போல இருந்தது. உஸ்மானியா பிஸ்கட்டை நனைத்தால் பாதி உள்ளேயே போய்விடுகிறது. அதை ஸ்பூனால் தேடியெடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அதிகம் பழக்கமில்லாதவர்களிடம் சில விஷயங்கள் சுலபமாக வந்துவிடுகின்றன.

"மெஷின்காரர்கிட்ட உன் மெஷின் வேணாம்னு சொன்னா சண்டைதான் வரும்" என்றார் அவர். "என் மச்சினன் அப்படித்தான், மோட்டார் ரிப்பேர் செய்யறவன். அவன்கிட்ட இந்த மெஷினுக்கு என்ன வேலைன்னு கேளுங்க. விடமாட்டான், பேசுவான். மேடம் சொன்ன நாலாவது கேள்வி அதுதானே?"

நடக்க வேண்டியது என்ன என்பதுதான் அந்த நாலாவது கேள்வி.

அன்று சாயங்காலம் அவன் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏண்டா, இந்தப் பெட்டிக்கு என்ன வேலை?"

"பாப்பாவ சூடா வெச்சுக்கறது."

"சூடா இருந்தா?"

"குளிரைத் தாங்கறதுக்குன்னு அவ தெம்ப செலவழிக்க வேண்டாம்ல. எடை ஏறும்."

"ஏறுதா?"

துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி அதே இடத்தைத் துடைத்தான். "நாளைக்குத் தெரியும்."

தாளை எடுத்துக் கொடுத்தேன். "இது உன் பெட்டியப் பத்தி இல்ல. உன் பெட்டியப் பத்தி உலகத்துல யாரும் ஒண்ணும் எழுதல."

"எழுதலையா?" என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

"இல்ல. அம்மாவோட நெஞ்சுல வெச்சுக்கறதப் பத்தி எழுதியிருக்கு. நல்லதுன்னு இருக்கு. நம்ம பாப்பாவுக்குச் சரியான்னு நாளைக்கு டாக்டர்கிட்ட கேப்போம். வேற ஒண்ணும் இல்ல."

அவன் இங்கிலீஷ் என்னைவிட நல்லது. நின்றபடியே படித்தான். சமையலறை வாசலில் சுபா நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: "ஜுரம் வந்த அன்னிக்கு இவ கை நடுங்குனத நீ பாக்கலக்கா. பாப்பா நழுவப் பாத்தா. சிஸ்டர் ஓடி வந்து பிடிச்சாங்க. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். பெட்டிக்கு ஜுரம் வராதுக்கா. பெட்டி நடுங்காது."

சுபா உள்ளே போய்விட்டாள். இதை அவன் அவளிடம் அதற்கு முன் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டரிடம் போனோம். பாப்பாவைப் பெட்டியோடுதான் கொண்டுபோவேன் என்று நின்றுவிட்டான். ஆட்டோக்காரர் பேட்டரியையும் ஒயரையும் பார்த்துவிட்டு ஹிந்தியில், "டிவியா சார்? ரிப்பேரா?" என்றார்.

"பாப்பா" என்றான் தம்பி.

அவர் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு ஹார்ன் அடிக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்தவர் போல ஒவ்வொரு பள்ளத்தையும் சுற்றிச் சுற்றி ஓட்டினார்.

டாக்டர் அம்மா பாப்பாவைத் தராசில் வைத்தார். வீட்டுக்கு அனுப்பிய அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. சுபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி பெட்டியின் மூலையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை அவனே எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எங்கக்கா கொண்டுவந்தாங்க. இது எங்க பாப்பாவுக்குச் சரிப்படுமா டாக்டர்?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார், பாப்பாவின் மூச்சைப் பார்த்தார், விரலைக் கொடுத்து எப்படிச் சப்புகிறாள் என்று பார்த்தார். கடைசியில் பெட்டியையும் சுற்றி வந்து பார்த்தார்.

"நீங்களே செஞ்சதா? ரொம்ப நேர்த்தியா இருக்கு" என்றார் இங்கிலீஷில். "ஆனா பல்பு சூடு உடம்பை வறட்டும். பால் குடிக்கறப்ப வெளிய, அப்புறம் உள்ள, மறுபடி வெளிய; அதுலயே களைச்சுப் போறா. ஜுரம் விட்டதும் மறுபடி நெஞ்சில வெச்சுக்கச் சொல்லியிருக்கணும், அது விட்டுப்போச்சு. இப்ப அம்மாவுக்கு ஜுரம் இல்ல, பாப்பாவும் நல்லா மூச்சு விடறா. ஆரம்பிக்கலாம். பால் கேக்கறப்பல்லாம் குடுங்க. திங்கட்கிழமை பாப்போம். ஏறலேன்னா சேத்துடலாம். நடுவுல பால் குடிக்கலேன்னா, மூச்சு வாங்கினா, உடம்பு சில்லுன்னு ஆனா உடனே வாங்க."

"இவளுக்குக் கை அசந்தா?" என்றான் தம்பி.

"துணியால கட்டிக்கணும். கை பிடிக்க வேண்டாம். அப்பவும் அசந்தா நீங்க வெச்சுக்கோங்க."

"நானா?"

"ஏன், உங்களுக்கு நெஞ்சு இல்லையா?"

சிஸ்டர் ஒருவர் பாப்பாவுக்குக் குல்லா போட்டு, சுபாவின் நெஞ்சில் தவளைக் குஞ்சு மாதிரி ஒட்ட வைத்து, மெல்லிய துணியால் சுற்றிக் கட்டினார். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்குக்குக் காற்று வரும்படி. திரும்பும்போது ஆட்டோவில் சுபா குனிந்து குனிந்து சேலைக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பி மடியில் காலிப் பெட்டி. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அணையேன் என்று சொல்ல எங்களுக்கும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்தது. ஒவ்வொருவரும் எழுந்து தன் கேள்வியைச் சொல்ல வேண்டும். நான் நாலு வாக்கியம் சொன்னேன், தமிழில். மேடம் மொழிபெயர்த்தார். "இவங்க முதல்ல எழுதின கேள்வியையும் சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். தீர்ப்பை எழுதிவிட்டு சாட்சி தேடிய கதையைச் சொன்னதும் அறையில் இருந்த பாதிப் பேர் தங்கள் தாளைக் குனிந்து பார்த்தார்கள். யாதகிரி மட்டும் கை தட்டினார், அவருக்கு எல்லாவற்றுக்கும் கை தட்டும் வழக்கம். மதியம் ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாலில் ஊறவைத்த ஓர் இனிப்பு போட்டார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை காலை. சுபா பாப்பாவுக்கு விட்டு விட்டுப் பால் கொடுத்துக் கண் எரிய உட்கார்ந்திருந்தாள். தம்பி சீருடை போட்டு, சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினான். சேர்ந்த நாளிலிருந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்று அவனுக்குப் பெருமை. சுபா எழுந்தாள், நிலை தடுமாறிக் கதவைப் பிடித்தாள்.

"இவ்ளோ தூக்கம் எனக்கு வந்ததே இல்ல. வதினா, கொஞ்ச நேரம் நீங்க..."

நான் கையை நீட்டினேன். அதற்குள் அவன் கேரியரைக் கீழே வைத்துவிட்டான். சீருடைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். சுபா துணியை அவிழ்த்து, பாப்பாவை அவன் நெஞ்சில் வைத்து, அவன் முதுகைச் சுற்றிக் கட்டினாள். போய்ப் படுத்தாள்.

அவன் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தான். "அக்கா, பெட்டிலேர்ந்து வெப்பமானிய எடு" என்றான் மெதுவாக. எடுத்துக் கொடுத்தேன். பாப்பாவுக்கும் தனக்கும் நடுவே வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். முற்றத்தில் வெயில் விழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கோலம் போட்டு முடித்துவிட்டாள்.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லக்கா."

"உம்."

"நான் ஒண்ணுமே செய்யல. அதுவா நிக்குது."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. "போகலையாடா?" என்றேன். உஷ் என்று சைகை காட்டினான். மூன்றாவது தடவை நீளமாக அடித்துவிட்டு பஸ் போய்விட்டது. அந்தச் சத்தத்திலும் பாப்பா எழுந்திருக்கவில்லை. அவன் மோவாயைத் தாழ்த்தி, குல்லாவின் மேல் படுகிறதா படவில்லையா என்று தெரியாதபடி வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சுபா மாவு அரைத்தாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, "அந்தப் பொட்டி சும்மாதான இருக்கு?" என்றாள்.

"ஏய், அது என்ன பெட்டின்னு நெனச்ச?"

"ஹவ், தெரியுமே. ரொம்ப நேர்த்தியான பொட்டி. டாக்டரே சொன்னாங்க. மாவ வைங்க."

முறைத்தான். பிறகு எழுந்துபோய்ச் சூட்டைக் குறைத்து வைத்து, பாத்திரத்துக்கு ஏற்றபடி தட்டைச் சரி செய்தான். அடிக்கடி போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பாப்பா அவன் நெஞ்சில் கட்டப்பட்டிருந்தாள். அவளும் கூடவே போய்ப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மாவு பொங்கித் தட்டெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் டாக்டரிடம் ஓடினோம். பாப்பாவைத் தராசில் வைத்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். என் தாளை நம்பித்தானே இதெல்லாம். கதவு திறந்தது. சுபா அழுதுகொண்டே வந்தாள். பின்னால் தம்பி வந்தான், உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான்.

"ஒரு எலுமிச்சம்பழம் அளவு ஏறியிருக்குக்கா. சேக்க வேண்டாமாம்."

அன்று சாயங்காலம் ரயில் ஏறினேன். தம்பி ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவன் முறை, பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் தனியாகவே வந்தேன். வசுந்தரா மேடத்துக்குப் பூத்திலிருந்து போன் செய்து எலுமிச்சம்பழத்தைச் சொன்னேன்.

வண்டி கிளம்பியபின் சுபா கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தொட்டால் விரல் உள்ளே போயிற்று. எதிர் சீட்டில் நெல்லூருக்குப் போகும் ஓர் அம்மாள், செகந்திராபாத் தமிழர்தான், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் குளிர்ல இட்லி எப்படிங்க இவ்வளவு மெத்துன்னு வந்துச்சு? எங்க வீட்ல கல்லு மாதிரி வருது."

வழக்கமாக இதற்கெல்லாம் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றைக்கு இரண்டு இட்லியை ஓர் இலையில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"எங்க தம்பி ஒரு பெட்டி செஞ்சான்" என்று ஆரம்பித்தேன்.